தணிந்த குரலில் சொன்ன காதல்: பி.பி. ஸ்ரீனிவாஸ் பாடல்களின் ஈர்ப்பு

சங்க மலருக்குக் கட்டுரை என்றால் சிலம்பு, கம்பன், பாரதி என்று எழுதுவதே நம் வழக்கம். அந்த வரிசையில் ஒரு சினிமாப் பாடகரைக் கொண்டுவந்து நிறுத்தினால், "இதுக்கெல்லாம் ஆராய்ச்சி எதுக்கு? பாட்டைப் போட்டுக் கேட்டா போதாதா?" என்று பெரியவர்கள் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., பின்னி மில் என்று வேலை தேடி இந்த ஊருக்கு வந்து, அல்சூரிலும் சிவாஜிநகரிலும் ஸ்ரீராமபுரத்திலும் குடியேறிய நம் குடும்பங்களுக்குத் தமிழ் வந்து சேர்ந்த வழி எது? புத்தகம் வந்த வீடுகள் சில. வானொலிப் பெட்டி வழியாகத் தமிழ் வந்த வீடுகள் பல. இலங்கை வானொலியும் விவித பாரதியும் நமக்குப் பாடநூலாக இருந்த காலம் ஒன்று உண்டு. அந்தப் பாடநூலில் மென்மையான பக்கங்கள் பலவற்றைப் பாடியவர் பி.பி. ஸ்ரீனிவாஸ். அவருடைய காதல் பாடல்கள் ஏன் இன்னும் மனத்தை விட்டு இறங்காமல் இருக்கின்றன என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாடல்களின் முதல் அடியை நான் எழுதப் போவதில்லை. படத்தின் பெயரைச் சொன்னாலே உங்கள் வாய் தானாக முணுமுணுத்துவிடும்.

பெயரில் பயங்கரம்

பி.பி. என்ற முன்னெழுத்துகளின் விரிவு 'பிரதிவாதி பயங்கரம்'. எதிர்வாதம் செய்ய வருவோரை அஞ்சி ஓடச் செய்பவர் என்று பொருள். திருவேங்கடமுடையான் சுப்ரபாதத்தை இயற்றிய பிரதிவாதி பயங்கரம் அண்ணன் காலத்திலிருந்து வழங்கும் வைணவப் பட்டம் அது. தமிழ்த் திரையிலேயே எதிர்வாதம் செய்யத் தெரியாத குரல் ஒன்று உண்டென்றால், அது இந்தப் பெயரைத் தாங்கியவரின் குரல்தான் என்பது ஒரு வேடிக்கை.

1930 செப்டம்பர் 22 அன்று காக்கிநாடாவில் பிறந்தவர். பி.காம். பட்டதாரி. 1952-இல் ஜெமினி நிறுவனம், ஆர்.கே. நாராயணின் நாவலை வைத்து இந்தியில் எடுத்த 'மிஸ்டர் சம்பத்' படத்தில் பாடித் திரைக்கு வந்தார். தாய்மொழி தெலுங்கு. தமிழ், கன்னடம், மலையாளம், இந்தி எனப் பல மொழிகளில் பாடினார். உருது வரை கற்றுக் கவிதையும் எழுதினார். சென்னையில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகத்தில் பை நிறையப் பேனாக்களுடன் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தவரைப் பார்த்தவர்கள் நம்மில் பலர் இருப்பார்கள். 2008-இல் அந்த உணவகம் மூடப்பட்டது. 2013 ஏப்ரல் 14, சித்திரை முதல் நாளன்று, அவர் மறைந்தார்.

1960-இல் வந்த 'அடுத்த வீட்டுப் பெண்' படம் நினைவிருக்கிறதா? பாட்டில் ஆசை கொண்ட பெண் ஒருத்தி. பாடவே வராத நாயகன். நண்பன் மறைந்திருந்து பாட, இவன் வாயை அசைத்து அவள் மனத்தைக் கவருகிறான். பின்னணிப் பாட்டு என்ற தொழிலையே கதையாக்கிய நகைச்சுவை அது. ஆதிநாராயண ராவ் இசையில் அந்தப் படத்தின் காதல் பாடல்களைப் பாடியவர் நம் ஸ்ரீனிவாஸ். முகத்தைப் பார்த்து வந்த காதல் அல்ல, குரலைக் கேட்டு வந்த காதல். அடுத்த பத்து ஆண்டுகள் தமிழ்நாட்டு ரசிகர்களுக்கும் அதுவே நடந்தது.

மைக் தந்த நெருக்கம்

எம்.கே. தியாகராஜ பாகவதர் வளர்ந்த நாடக மேடையில் கடைசி வரிசைக்கும் பாட்டு கேட்க வேண்டும். எனவே குரலை வீசி எறிய வேண்டும்; உச்சத்தில் நிறுத்திக் காட்ட வேண்டும். அது ஊர் கூடிக் கேட்கும் பாட்டு. காதலியிடம் பாடினாலும் ஊரே சாட்சி.

மைக் வந்தபின் ஒரு புதிய வாய்ப்பு திறந்தது. பாடுகிறவர் மெதுவாகப் பாடலாம். அது பெரிதாகிக் கேட்கும். ஆனால் மெதுவாகப் பாடியதன் நெருக்கம் கலையாது. உலகின் பல மூலைகளில் இந்த வாய்ப்பைக் கண்டுகொண்டவர்கள் உண்டு. இந்தியில் தலத் மஹ்மூத். அமெரிக்க நாட்டுப்புற இசையில் ஜிம் ரீவ்ஸ். டெக்சாஸ்காரரான ரீவ்ஸ், 1957-இல் 'ஃபோர் வால்ஸ்' பாட்டை மைக்குக்கு மிக அருகில் வாய் வைத்துத் தணிந்த குரலில் பாடியபோது, அதுவரை உரக்கப் பாடியே பழகிய அந்த இசை வேறு திசையில் திரும்பியது. 1964-இல் விமான விபத்தில் மாண்ட அவருக்கு இந்தியாவிலும் இலங்கையிலும் அவ்வளவு ரசிகர்கள் இருந்தார்கள். நம் கண்டோன்மென்ட் பகுதி ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் அவருடைய தட்டுகள் சுழன்றதைக் கேட்டவர்களுக்கு, ஸ்ரீனிவாஸோடு அவரை ஒப்பிடுவதில் வியப்பு இருக்காது. இருவரும் கேட்பவரின் காதோரம் வந்து பாடுகிறவர்கள்.

தமிழில் இந்த வழியைத் தொடங்கிவைத்தவர் ஏ.எம். ராஜா. 'மிஸ்ஸியம்மா' (1955), 'கல்யாணப் பரிசு' (1959) படங்களில் ஜெமினி கணேசனுக்கு அவர் தந்த குரல் பட்டுப் போன்றது. ராஜா விட்ட இடத்தில் ஸ்ரீனிவாஸ் வந்தார். ராஜாவின் குரல் மேலே மிதக்கும். ஸ்ரீனிவாஸின் குரல் சற்றுக் கீழே இறங்கி, நெஞ்சுக்குள்ளிருந்து வரும். தாழ்ந்த சுரங்களில்தான் அவர் வீட்டில் இருப்பது போல இருப்பார். ஓர் அடியின் கடைசி எழுத்தை அழுத்தாமல், கதவைச் சத்தமில்லாமல் சாத்துவது போல விட்டுவிடுவார்.

ஒரே பாட்டில் இரு குரல்

இதை விளக்க ஒரு நல்ல சான்று இருக்கிறது. பீம்சிங் இயக்கிய 'படித்தால் மட்டும் போதுமா' (1962) படத்தில், பெண் பார்த்துவிட்டு வந்து சகோதரர் இருவர் சேர்ந்து பாடும் பாட்டு. படிக்காத முரட்டுப் பிள்ளை சிவாஜிக்கு டி.எம். சௌந்தரராஜன். படித்த பிள்ளை பாலாஜிக்குப் பி.பி. ஸ்ரீனிவாஸ். மெட்டு ஒன்று, இசை ஒன்று, கவிஞர் ஒருவர். டி.எம்.எஸ். பாடும்போது சொல் நம்மை நோக்கி எழுந்து வருகிறது. ஸ்ரீனிவாஸ் பாடும்போது நாம் சொல்லை நோக்கிக் குனிகிறோம். கேட்பவரைத் தேடி வருவது ஒரு கலை. கேட்பவரை அருகே வரவைப்பது இன்னொரு கலை. இதில் உயர்வு தாழ்வு பேச இடமில்லை. இரண்டும் சேர்ந்ததால்தான் அந்தப் பாட்டு அப்படி அமைந்தது.

'பாச மலர்', 'பாவ மன்னிப்பு' (இரண்டும் 1961) ஆகிய படங்களிலும் இதே பங்கீட்டைக் காணலாம். சிவாஜியின் பெருந்துயரத்துக்கு டி.எம்.எஸ்.; ஜெமினியின் காதலுக்கு ஸ்ரீனிவாஸ். புயலும் வேண்டும், அது ஓய்ந்தபின் திண்ணையில் உட்கார்ந்து பேச ஒருவரும் வேண்டும் என்பதை விஸ்வநாதன்–ராமமூர்த்தி நன்றாக அறிந்திருந்தார்கள். எம்.ஜி.ஆருக்கே 'பாசம்' (1962) படத்தில் காதல் டூயட் ஒன்றுக்கு ஸ்ரீனிவாஸ் குரல் கொடுத்திருக்கிறார். திரையில் உடன் இருந்தவர், 2025-இல் மறைந்த நம் பெங்களூர் சரோஜாதேவி. அந்தப் பாட்டில் வாத்தியார் சண்டைக்காரராகவே தெரியமாட்டார்.

பெயர் சொல்லாத காதல்

தொல்காப்பியர் அகத்திணைக்கு வகுத்த விதி ஒன்று உண்டு. காதலர் இருவருள் எவர் பெயரையும் சுட்டிச் சொல்லக் கூடாது. பெயர் வந்தால் அது புறமாகிவிடும். ஸ்ரீனிவாஸின் சிறந்த காதல் பாடல்கள் இந்த அகமரபின் பிள்ளைகள் என்பது என் துணிபு.

'பாவ மன்னிப்பு' படத்தில் ஜெமினி பாடும் பாட்டை எடுத்துக்கொள்வோம். கண்ணதாசன் அதில் காதலியைப் பருவத்தோடும் மாதத்தோடும் பூவோடும் அடுக்கிக்கொண்டே போகிறார். கீதையில் கண்ணன் தன்னை மாதங்களில் மார்கழி என்றும் பருவங்களில் வசந்தம் என்றும் சொல்லிக்கொள்ளும் இடம் நம் நினைவுக்கு வரும். இப்படிப்பட்ட பட்டியலை உரத்த குரலில் பாடினால் அது ஏலம் போடுவது போல ஆகிவிடும். ஒவ்வொரு உவமைக்கும் கைதட்டல் கேட்கும். ஸ்ரீனிவாஸ் அதை ஒரு மனிதன் தனக்குள் எண்ணிப் பார்ப்பது போலப் பாடுகிறார். கடைசி உவமை வரையில் குரல் ஒரே உயரத்தில் நிற்கிறது. அவளைப் புகழ்ந்து எதையும் வாங்கிக்கொள்ள அவன் வரவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டுப் போக வந்திருக்கிறான். ஆகவேதான் நம்புகிறோம்.

இரண்டாவது சான்று 'ராமு' (1966). மனைவியை இழந்தவன், பேச்சிழந்த பிள்ளையோடு நிற்பவன், அவன் நிலவை அருகே வராதே என்று கேட்டுக்கொள்கிறான். காதலைக் கேட்கும் பாட்டுகள் ஆயிரம். காதலை வேண்டாம் என்று சொல்லும் பாட்டு அபூர்வம். நிலவு, பறவை, கடல் என்று கேளாதவற்றிடம் பேசுவதைச் சங்கப் பாடல்களின் துறைக்குறிப்புகளில் 'காமம் மிக்க கழிபடர் கிளவி' என்பார்கள். எம்.எஸ். விஸ்வநாதனின் அந்த மெட்டில் மறுப்பு இருக்கிறது, ஆனால் கடுமை இல்லை. வேறொரு குரலில் அது விரட்டுவதாகியிருக்கும். இந்தக் குரலில், மறுக்கப்பட்டவளின் மனமும் புண்படவில்லை. மறுக்கும்போதும் எதிரில் இருப்பவரின் மதிப்பைக் காப்பாற்றும் பண்பு அது. வள்ளுவர் 'இனியவை கூறல்' என்று ஓர் அதிகாரமே வைத்தாரே, அதற்கு இசையில் உரை எழுதினால் இப்படித்தான் இருக்கும்.

மூன்றாவதாக, 'கப்பலோட்டிய தமிழன்' (1961). ஜி. ராமநாதன் இசையில், பாரதியின் கண்ணம்மா பாட்டு, பி. சுசீலாவோடு. பாரதியைப் பாட வரும் பலர் பாரதியின் மீசையையும் சேர்த்துப் பாடுவார்கள். ஸ்ரீனிவாஸ் அந்தக் கவிஞன் ஒரு பெண்ணிடம் தனியே பேசிய தருணத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். சுசீலாவோ எஸ். ஜானகியோ உடன் பாடும்போது இவர் எப்போதும் அரை அடி பின்னே நிற்பதைக் கவனியுங்கள். ஜெயகாந்தன் எழுதி, எம்.பி. சீனிவாசன் இசையமைத்த 'பாதை தெரியுது பார்' (1960) டூயட்டில் ஜானகியின் குரலுக்கு இடம் விட்டுவிட்டு, அது ஆடி முடித்த இடத்தில் வந்து சேருகிறார். பெண்ணைப் பேசவிட்டுக் கேட்கத் தெரிந்த ஆண் குரல். நம் வீட்டுப் பெண்களுக்கு இந்தக் குரல் ஏன் பிடித்தது என்று கேட்டால், "அவர் அதட்டவே மாட்டாரே" என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். விமரிசகர்கள் ஒரு பக்கம் எழுதுவதை அவர்கள் அந்த ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள்.

கன்னட வீட்டிலும் அதே குரல்

பெங்களூர்த் தமிழருக்கு மட்டுமே கிடைத்த அனுபவம் ஒன்று இதில் உண்டு. நமக்கு ஜெமினியின் குரலாக இருந்தவர், பக்கத்து வீட்டுக்காரருக்கு ராஜ்குமாரின் குரல். நம்மிடம் காதல் மன்னனுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட குரல், கன்னடத்தில் அண்ணாவ்ருவின் பக்தி, வீரம், துயரம், காதல் அனைத்துக்கும் உரியதாக இருந்தது. 1974-இல் 'சம்பத்திகே சவால்' படத்தில் எருமை மேல் அமர்ந்து வரும் பாட்டை ராஜ்குமாரே பாடி, பிறகு பெரும்பாலும் தன் பாட்டைத் தானே பாடத் தொடங்கும் வரை இது நீடித்தது.

'எரடு கனசு' (1974) படத்தின் காதல் டூயட்டைக் கேளுங்கள். பாடுபவர் காக்கிநாடாவில் பிறந்தவர். உடன் பாடும் வாணி ஜெயராம் வேலூரில் பிறந்தவர். திரையில் வாயசைக்கும் ராஜ்குமார் பிறந்த காஜனூர் இன்று நம் ஈரோடு மாவட்டத்தில் இருக்கிறது. மூவரும் சேர்ந்து கன்னடக் காதலைச் சொல்கிறார்கள். கன்னட மக்கள் அதைத் தங்கள் பாட்டு என்றே கொண்டாடுகிறார்கள், சரியாகவே கொண்டாடுகிறார்கள். நாமும் சும்மா இருந்தோமா? சுசீலாவின் தெலுங்கு, டி.எம்.எஸ்.ஸின் சௌராஷ்டிரம், எம்.எஸ்.வி.யின் பாலக்காடு எல்லாவற்றையும் நம் தமிழ்ப் பாட்டு என்றுதானே கொண்டாடுகிறோம்?

குறை சொல்வோருக்கு

"எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருக்கு சார், தூக்கம் வருது" என்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கிறது. உச்சஸ்தாயியில் நின்று அறைகூவும் பாட்டுக்கு அவரை யாரும் தேடிப் போகவில்லை. எழுபதுகளில் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் வந்து, மென்மையோடு துள்ளலையும் சேர்த்துத் தந்தபோது தமிழில் ஸ்ரீனிவாஸுக்கு வாய்ப்புகள் குறைந்தன.

ஆனால் மென்மை என்றால் பலமின்மை என்று முடிவு கட்டுவதற்கு முன் கன்னடப் பக்கமும் பார்க்க வேண்டும். 'கஸ்தூரி நிவாஸ' (1971) படம் 1975-இல் தமிழில் சிவாஜி நடிக்க 'அவன்தான் மனிதன்' என்று வந்தது. கொடுத்துக் கொடுத்தே எல்லாம் இழந்த வள்ளலின் கதை. தமிழில் டி.எம்.எஸ். அந்தத் துயரத்தைத் தெய்வத்தின் சந்நிதி வரை கொண்டுபோய் முறையிட்டார், நாம் கலங்கினோம். கன்னடத்தில் ஸ்ரீனிவாஸ், தள்ளினாலும் விழாமல் எழுந்து நிற்கும் தலையாட்டிப் பொம்மையை வைத்து ஒரு பாட்டுப் பாடினார். வீழ்ந்தவனின் தன்மானம் அந்தக் குரலில் குலையாமல் நின்றது. கன்னட நண்பர்கள் அந்தப் பாட்டை இன்றும் கண் கலங்கிப் பாடுவதை நாம் பார்த்திருக்கிறோம். மெலிந்த குரலுக்கு இது முடியாது. தன்னை அடக்கிக்கொள்ளத் தெரிந்த குரலுக்கே முடியும்.

'மயங்கிக் கலங்கிய' ஒருவனுக்கு ஆறுதல் சொல்லும் 'சுமைதாங்கி' (1962) பாட்டையும் இங்கே நினைக்க வேண்டும். பிழைக்க வழியில்லை, ஊருக்கே திரும்பிவிடலாம் என்று கிளம்பிய கவிஞர் வாலி, ஸ்ரீனிவாஸ் அந்தப் பாட்டைப் பாடிக்காட்டக் கேட்டு மனம் மாறிச் சென்னையிலேயே தங்கிவிட்டதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒரு மனிதனைப் போகவிடாமல் தடுக்கும் வலிமை அந்தத் தணிந்த குரலுக்கு இருந்தது. காதலுக்குப் பாடிய அதே குரல்தான் இதையும் செய்தது. உன்னோடு இருக்கிறேன் என்பதைத்தானே காதலும் ஆறுதலும் சொல்கின்றன?

தாழ்ந்த குரல் இரண்டு வகை

இந்த ஊரில் நாமும் குரலைத் தாழ்த்தியிருக்கிறோம். 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் காவிரியின் பெயரால் ஊர் கொதித்தபோது, பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பிள்ளையிடம் "மெதுவா பேசு" என்று சொன்னவர்கள் நம்மில் எத்தனை பேர்! 2000-ஆம் ஆண்டு ராஜ்குமார் கடத்தப்பட்டு 108 நாட்கள் காட்டில் இருந்தபோதும் அப்படித்தான் இருந்தோம். அந்த நாட்களில் எங்கள் தெருவில் மாலையானால் பழைய ராஜ்குமார் பாடல்கள் ஒலிக்கும். கடையில், ஆட்டோ ஸ்டாண்டில், எதிர்வீட்டு ஜன்னலில். வெளியே போகத் தயங்கி உள்ளே உட்கார்ந்திருந்த எங்களுக்கு அந்தப் பாடல்களில் முக்கால்வாசி நம்ம பிபிஎஸ் குரலாகவே கேட்டது. எதிர்வீட்டுக்காரர் தன் நாயகனுக்காகக் கலங்கிக் கேட்ட குரலும், நாங்கள் எங்கள் இளமையை நினைத்துக் கேட்ட குரலும் ஒன்று. இதை அவரிடம் சொன்னபோது, "ஹௌதா? அவரு நிம்மவரா?" என்று கேட்டார். "இல்லீங்க, தெலுங்குக்காரர்" என்றோம். அவரும் சிரித்துவிட்டார்.

பயத்தால் தாழும் குரல் ஒன்று. அன்பால் தாழும் குரல் ஒன்று. காதில் விழும்போது இரண்டும் ஒரே அளவுதான். முன்னது தன்னை ஒளிக்கப் பார்க்கிறது. பின்னது எதிரில் இருப்பவருக்கு இடம் தருகிறது. ஸ்ரீனிவாஸின் காதல் பாடல்களில் நாம் கேட்பது இந்த இரண்டாவது தாழ்வை. அதில் கெஞ்சல் கிடையாது, அதட்டலும் கிடையாது. மறுமொழி சொல்லவும், மறுத்துவிடவும், மௌனமாக இருக்கவும் கேட்பவருக்கு உரிமை உண்டு. காதலுக்கு மட்டும் உரிய பண்பு அல்ல இது. இரு மொழிக்காரர்கள் ஒரே தெருவில் வாழ வேண்டிய ஊருக்கும் இது வேண்டியிருக்கிறது.

நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு ஸ்ரீனிவாஸ் பாட்டு ஒன்றைக் கேட்கச் சொல்லுங்கள். லகரமும் ளகரமும் ழகரமும் தனித்தனியே தெளிவாக விழும். தாய்மொழி அல்லாத தமிழை இவ்வளவு மரியாதையோடு உச்சரித்தவர் அவர். கன்னடத்தையும் அப்படியே உச்சரித்தார். பிறமொழியை அதன் வீட்டுக்காரர் மகிழும்படி பேசுவது எப்படி என்பதற்கும் அவரே பாடம்.

டி.எம்.எஸ். 2013 மே 25 அன்று மறைந்தார்; ஸ்ரீனிவாஸ் போய் நாற்பத்தோராம் நாள். நம் வானொலிக் காலத்தின் இரு கரைகளும் ஒரே கோடையில் போய்விட்டன. இன்று பாட்டு கைபேசிக்குள் வந்துவிட்டது. எந்தப் படத்தை வேண்டுமானாலும் ஒரு நொடியில் தேடிவிடலாம். இந்த மலரைப் படித்து முடித்த இரவில், பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவைத்து, 'ராமு'வில் ஒன்றும் 'எரடு கனசு'வில் ஒன்றும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். சத்தத்தைக் கூட்ட வேண்டாம். அவருக்கு அது தேவைப்படாது.